கெஞ்சினால் கிடைக்குமா நாற்காலி?

நார்வே நாட்டிலே ஓர் அமைச்சர் இருந்தார். அன்ஸ்கார் காப்ரியேல்சன் என்பது பெயர். பாட்டாளிக் கட்சிக்காரர் அல்ல, கன்சர்வேடிவ் கட்சிக்காரர். வர்த்தகமும் தொழிலும் அவர் பொறுப்பு. முதலாளிகளின் தோழர் என்று நம்பப்பட்ட அந்த மனிதர்தான் 2002 பிப்ரவரியிலே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பெரிய கம்பெனிகளின் டைரக்டர் போர்டிலே நூற்றுக்கு நாற்பது இடம் பெண்களுக்கு வேண்டும் என்றார்! அன்று அங்கே இருந்தது பத்துக்கும் குறைவு.

"தகுதியுள்ள பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று பொங்கினார்கள் கனதனவான்கள். தேடியவனுக்கல்லவா தெரியும்! வாசலை அடைத்துவிட்டு, வருவார் இல்லையே என்று வருந்துவது என்ன நியாயம்?

2003-இல் சட்டம் நிறைவேறிற்று. உடனே சாட்டை சுழலவில்லை. நீங்களாகவே மனமுவந்து செய்யுங்கள், 2005 ஜூலை வரை தவணை என்றது அரசு. செய்தார்களா? இல்லை! 2006 ஜனவரியிலே கட்டாயம் பிறந்தது. இரண்டாண்டில் அடங்காவிட்டால் கம்பெனியே கலைக்கப்படும் என்றது சட்டம். 2008-இல் நாற்பது வந்து சேர்ந்தது. பொதுக் கம்பெனி என்ற பலகையைக் கழற்றிவிட்டுத் தப்பியோடியவர்களும் உண்டு. ஆனால், எங்கே எங்கே என்று தேடிய தகுதியுள்ள பெண்கள் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெண் டைரக்டராவது வேண்டும் என்றது. ஒன்றே ஒன்று! அதற்கும் தவணைமேல் தவணை. 2015 மார்ச் 31-க்குள் செய்யாமல், அடுத்த மூன்று மாதத்துக்குள் திருந்தியவர்களுக்கு செபி விதித்த அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய். கோடிகளிலே புரள்வோருக்கு அது கொசுக்கடி! கடைசி நேரத்திலே மனைவியையும் மகளையும் உட்காரவைத்துக் கணக்குக் காட்டிய கம்பெனிகள் பல. அதனால்தான் 2020 ஏப்ரல் முதல், பெரிய 1000 கம்பெனிகளில் முதலாளி குடும்பத்தைச் சேராத தனிப் பெண் டைரக்டர் ஒருவர் வேண்டும் என்று விதி வந்தது.

"சீமாட்டிக்கு மெத்தை நாற்காலி கிடைத்தால், பஞ்சாலையில் நூல் சுற்றும் என் தங்கைக்கு என்ன லாபம்?" என்று கேட்பாய், தோழனே! நியாயமான கேள்வி. நார்வேயைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வும் அதையே சொல்லிற்று: போர்டிலே பெண்கள் ஏறினார்கள், அதே கம்பெனிகளில் கீழே உழைத்த பெண்களுக்குப் பெரிய மாறுதல் ஏதும் தென்படவில்லை. மேலே ஊற்றிய தண்ணீர் தானாக வேருக்கு இறங்கவில்லை.

ஆகவே சட்டம் வீணா? இல்லை. கெஞ்சியபோது வராதது, கட்டாயம் வந்ததும் வந்தது. எட்டு மணி நேர வேலை முதலாளியின் கருணையால் வந்ததா? உனக்குத் தெரிந்த பாடம்தானே இது! வேருக்கும் தண்ணீர் வேண்டுமானால் வேரிலேதான் ஊற்ற வேண்டும். அந்த வேலை நம்முடையது.

முதலாளியின் போர்டை எண்ணிய கையோடு, நம் சங்கத்து நிர்வாகக் குழுவையும் எண்ணிப் பார். உறுப்பினர் சந்தா கட்டும் பெண்கள் எத்தனை? மேடையிலே நாற்காலி பெற்றவர்கள் எத்தனை? "தகுதியுள்ள பெண்கள் எங்கே?" என்று நம்மிலே ஒருவன் கேட்டால், அது யாருடைய குரல் என்று அவனுக்குச் சொல்!