புகையுண்ணும் எஞ்சின்

வெளிவிட்ட மூச்சையே மீண்டும் உள்ளிழுத்தல் உயிர்க்கு ஊறு விளைக்குமென்பதைச் சிறுவரும் அறிவர். அங்ஙனமிருக்க, இன்று நெடுஞ்சாலைகளில் ஓடும் லொறிகள் பலவற்றின் டீசல் எஞ்சின்கள், தாம் கழித்த புகையில் ஒரு பங்கைத் தாமே திரும்பவும் உட்கொள்ளுமாறு அமைக்கப்பட்டுள்ளன. இவ்வேற்பாட்டைக் கழிவுவாயு மீள்செலுத்தல் என்பர். பட்டறைகளில் இஃது ஈ. ஜீ. ஆர். என்னும் மூன்றெழுத்தாற் சுட்டப்படும். சாரதிகளிடத்தும் மெக்கானிக்குகளிடத்தும் இதனைப்பற்றி நல்ல வார்த்தை கேட்டல் அரிது. இதனை அடைத்துவிடுதலே எஞ்சினுக்கு நன்று என்போர் பலர். அவர் கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை அறிய வேண்டின், இவ்வமைப்பு எதற்காகத் தோன்றியது, எவ்வாறு தொழிற்படுகின்றது, எங்கே பழுதடைகின்றது என்பவற்றை முறையே நோக்குதல் வேண்டும்.

வளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். இஃது எதனோடும் எளிதிற் சேராத வாயு. அதன் மூலக்கூறிலுள்ள இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பினால் இறுகப் பிணைந்திருத்தலே அதற்குக் காரணமாகும். ஆயினும் பெருவெப்பத்தில் அப்பிணைப்பும் அறும். வெப்பத்தாற் பிரிந்த ஒட்சிசன் அணுவொன்று நைதரசன் மூலக்கூறைத் தாக்கி, அதிலிருந்து ஓரணுவைப் பறித்துக்கொண்டு நைத்திரிக்கொட்சைட்டாகும். தனித்துவிடப்பட்ட மற்றை நைதரசன் அணு, ஒட்சிசன் மூலக்கூறொன்றைத் தாக்கி மேலுமொரு நைத்திரிக்கொட்சைட்டு மூலக்கூறை ஆக்கி, ஓர் ஒட்சிசன் அணுவை விடுவிக்கும். அவ்வணு மீண்டும் முதற்றொழிலைத் தொடங்கும். இச்சங்கிலித் தாக்கத்தை 1940களில் விளக்கியவர் இரசிய அறிஞர் யாக்கோவ் செல்தோவிச் ஆவார். இதன் முதற்படி நிகழ்வதற்கு மிகுந்த சத்தி வேண்டும். ஆகையால் ஏறத்தாழ 1,500 பாகை சதமவளவைக்குக் கீழே இத்தாக்கம் பொருட்படுத்தத்தக்கதன்று. அதற்கு மேலே வெப்பநிலை சிறிது ஏறினும் விளைவு பன்மடங்காகும். பின்வருவன யாவும் இவ்வொரு கருத்தையே பற்றி நிற்பனவாம்.

உருதோல்பு டீசல் என்னும் செர்மானியர் 1897ஆம் ஆண்டில் அவுக்சுபேர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சின் தீப்பொறியின் துணையை வேண்டாதது. வளியைப் பலமாக அமுக்க அது சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைப் பீச்ச, அது தானே பற்றிக்கொள்ளும். எண்ணெயும் வளியும் முன்னரே கலந்திராமையால், பீச்சப்பட்ட எண்ணெய்த் தாரையைச் சூழ்ந்து, ஒட்சிசனும் எரிபொருளும் சரியளவிற் சந்திக்கும் மெல்லிய எல்லையிலேயே சுவாலை நிலைகொள்ளும். உருளை முழுவதையும் நோக்கின் வளி மிகுதியாக இருப்பினும், அவ்வெல்லையில் வெப்பநிலை 2,400 பாகை வரையிற் செல்லும். நைதரசன் ஒட்சைட்டுக்கள் பெரிதும் தோன்றுமிடம் அதுவே. அவை நுரையீரலைத் தாக்குவன; சூரிய ஒளியில் ஐதரோகாபன்களோடு கூடி ஓசோனையும் நகரங்களை மூடும் புகைமூட்டத்தையும் விளைப்பன. லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் மூட்டம் இவ்வாறு பிறந்ததேயென்பதை ஆரி ஹாகன்-சிமித் 1950களிற் காட்டினார்.

சுவாலையின் உச்ச வெப்பத்தைத் தணித்தால் இவ்வொட்சைட்டுக்களும் குறையுமன்றோ? அதற்குக் கண்ட எளிய வழியே எரிந்துமுடிந்த வாயுவை உட்செல்லும் வளியுடன் கலத்தலாகும். கழிவுவாயு குளிர்ந்ததாதலால் உருளையைக் குளிரச்செய்கின்றது எனச் சிலர் எண்ணுவர். அது தவறு. குளிராக்கியினூடு வந்த பின்னரும் அது புதுவளியினும் சூடானதே. உண்மைக் காரணம் வேறு. ஓர் உதாரணத்தாற் காண்போம். கழிவுவாயுவில் நூற்றுக்கு 8 பங்கு காபனீரொட்சைட்டும் 10 பங்கு ஒட்சிசனும் உள்ளனவெனக் கொள்க. உட்செல்லும் கலவையில் நாலிலொரு பங்கு இவ்வாயுவாயின், அக்கலவையிற் காபனீரொட்சைட்டு 2 பங்காகும். ஒட்சிசனோ 21இலிருந்து ஏறக்குறைய 18 பங்காகக் குறையும். அதே அளவு எண்ணெய் எரிதற்கு அதே அளவு ஒட்சிசன் வேண்டும். அதனைப் பெறுதற்குச் சுவாலை முன்னிலும் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலான வாயுவைத் தன்னுள் இழுத்தல் வேண்டும். எரிதலாற் பிறந்த அதே வெப்பம் அக்கூடுதலான வாயுவிலும் பங்கிடப்படுவதால் சுவாலையின் வெப்பநிலை நூறு பாகைக்கு மேலே தாழும். காபனீரொட்சைட்டும் நீராவியும் நைதரசனைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தை ஏற்பனவாதலால் அவையும் சிறிது துணைபுரியும். ஆயினும் ஒட்சிசன் ஐதாதலே தலையாய காரணம். உட்செல்லும் வாயுவிலுள்ள காபனீரொட்சைட்டின் வீதத்தைக் கழிவுவாயுவிலுள்ள அதன் வீதத்தால் வகுத்து மீள்செலுத்தும் அளவைக் கணிப்பதும் மேற்கண்ட கணக்கின் வழிப்பட்டதே.

இனி, கழிவுவாயுவைத் திருப்பி அனுப்புதல் கூறுதற்கு எளிது, செய்தற்கு எளிதன்று. லொறி எஞ்சின்களில் டேர்போ என்னும் ஊதி உண்டு. அது கழிவுவாயுவின் விசையாற் சுழன்று, வளியை அமுக்கி உருளைகளுக்கு ஊட்டுவது. இதனால் உட்செல்லும் பக்கத்து அமுக்கம் சில வேளைகளில் வெளியேறும் பக்கத்து அமுக்கத்தையும் விஞ்சிவிடும். வாயு மேட்டமுக்கத்திலிருந்து தாழ்ந்த அமுக்கத்துக்கன்றிப் பாயாது. ஆகவே டேர்போவின் அலகுகளை ஒடுக்கி, வெளியேறும் வாயுவைத் தடைசெய்து, அப்பக்கத்து அமுக்கத்தை வேண்டுமென்றே உயர்த்துகின்றனர். அத்தடைக்கெதிராகப் பிஸ்டன்கள் வாயுவைத் தள்ளவேண்டியிருப்பதால் எண்ணெய்ச் செலவு கூடுகின்றது. எரிதலின் வெப்பம் குறைதலாலும் திறன் சற்றே குறையும். சாரதிமார் முறைப்பாட்டில் இப்பகுதி முற்றிலும் நியாயமானது.

வேறொரு விலையும் உண்டு; அது இன்னும் கடியது. ஒட்சிசன் குறைந்து வெப்பமும் தணிந்தவிடத்து, சுவாலையினுட் பிறந்த புகைக்கரி முற்றாக எரியாது எஞ்சும். நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கக் கரி கூடுகின்றது. கரியைக் குறைக்க முயலின் ஒட்சைட்டுக் கூடுகின்றது. துலாக்கோலின் இரு தட்டுக்கள் போன்ற இவ்விரண்டனுக்குமிடையிலேயே டீசல் எஞ்சினை ஆக்குவோர் அல்லற்படுகின்றனர். இம்முறைக்கு நேரும் பழுதுகளிற் பெரும்பாலன இக்கரியினின்றும் பிறப்பனவே.

அமெரிக்காவில் இவ்வமைப்புப் பாரமான லொறிகளுக்கு வந்த வரலாறு அறியத்தக்கது. சோதனைச்சாலையில் விதியளவுக்குள் நிற்கும் எஞ்சின்கள், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது எண்ணெயைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு வேறொரு முறைக்கு மாறி, ஒட்சைட்டுக்களை மிகுதியாகக் கக்குமாறு மின்னணுக் கட்டுப்பாட்டில் அமைக்கப்பட்டிருந்தனவென அந்நாட்டு அரசு ஏழு எஞ்சின் உற்பத்தியாளர்மீது குற்றஞ்சாட்டியது. 1998 ஒக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. 834 இலட்சம் டொலர் தண்டப்பணம் விதிக்கப்பட்டதோடு, 2004இல் வரவிருந்த விதியை 2002 ஒக்டோபரிலேயே நிறைவேற்றவும் அவர்களிற் பெரும்பாலோர் இணங்கவேண்டியதாயிற்று. கமின்ஸ், டெட்ரொயிட் டீசல், மாக் ஆகியோர் குளிராக்கியோடு கூடிய மீள்செலுத்தலைக் கைக்கொண்டனர். கால அவகாசம் குறுகியது. முதலில் வந்த எஞ்சின்கள் பல தொல்லைகளைத் தந்தமை வியப்பன்று.

பழுதுகளுள் முதலிற் கூறத்தக்கது குளிராக்கியின் பழுது. ஏறத்தாழ 600 பாகையில் வரும் வாயுவை 150 பாகையளவுக்குத் தணித்தல் அதன் கடமை. மெல்லிய துருப்பிடியா உருக்குக் குழாய்களினூடு வாயு பாய, புறத்தே எஞ்சினின் குளிர்நீர் ஓடும். சூடான வாயுவில் மிதக்கும் கரித்துணிக்கையை ஒரு புறத்திற் சூடான மூலக்கூறுகள் வலிந்து மோதும். குளிர்ந்த சுவர்ப்பக்கத்து மூலக்கூறுகள் மெலிந்து மோதும். ஆதலாற் றுணிக்கை சுவரை நோக்கித் தள்ளப்பட்டு அங்கே படியும். வாயுவைக் குளிரச்செய்யும் அவ்வெப்ப வேறுபாடே குளிராக்கியைக் கெடுக்கவும் காரணமாதல் காண்க. படிந்த படையை ஆராய்ந்தோர், அதன் கனவளவில் ஏறக்குறைய 98 சதவீதம் வெற்றிடமெனக் கண்டனர். பஞ்சுப்பொதி போன்ற அப்படை வெப்பத்தைக் கடத்தாது. அரை மில்லிமீற்றர் தடிப்பும் குளிராக்கியின் ஆற்றலைப் பெரிதும் கெடுக்கப் போதும். எஞ்சினை நெடுநேரம் வேலையின்றி ஓடவிட்டாலோ, எரியாத எண்ணெயும் நீரும் அப்படையிலே ஒடுங்கி, அதனைத் தார்போன்ற பிசினாக்கும். எண்ணெயிற் கந்தகம் மிகுந்திருப்பின் சல்பூரிக்கமிலமும் உடன்சேர்ந்து உலோகத்தை அரிக்கும். 2006இல் அமெரிக்க நெடுஞ்சாலை டீசலிற் கந்தகம் பத்திலட்சத்தில் 15 பங்காகக் குறைக்கப்பட்டமை இவ்வகையிற் பேருதவியாயிற்று.

கரி அடைத்தலிலும் வெடிப்பு ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறுங்கால் குழாய்கள் ஓரளவும் புறக்கூடு வேறோரளவுமாக விரிந்து சுருங்கும். பல்லாயிரம் முறை இவ்வாறு நிகழ, பற்றவைத்த மூட்டுக்கள் களைத்து வெடிக்கும். வெடித்தவிடத்து, அமுக்கத்தின் போக்குக்கேற்ப ஒன்றில் வாயு குளிர்நீரினுட் புகுந்து அதனைத் தாங்கியிலிருந்து பொங்கி வழியச்செய்யும். அன்றேல் குளிர்நீர் வாயுவழியிற் புகும். புறத்தே ஒரு சொட்டு ஒழுக்குமின்றிக் குளிர்நீர் நாடோறும் குறைந்துவரின் குளிராக்கியை ஐயுறல் வேண்டும். வெண்புகையும் இனிய மணமும் அதற்கு மேலும் சான்றாகும். தலைமூடிக் காஸ்கற் போய்விட்டதெனத் தீர்மானித்து எஞ்சினைக் கழற்றிய பின்னர் உண்மையறிந்தவர் பலர். நின்றிருந்த எஞ்சினின் உருளையொன்றில் நீர் நிறைந்துவிட்டாலோ கேடு பெரிது. திரவம் அமுங்காதாகையால், எஞ்சினைத் தொடக்கிய கணத்திலேயே இணைகோல் வளைந்துவிடும்.

வால்வின் பழுது ஒப்பீட்டளவில் எளியது. அது கரியினால் திறந்தபடியே இறுகின், ஒட்சிசன் போதாமையால் இழுவை குன்றிக் கரும்புகை எழும். கரிவடி விரைவில் நிறையும். மூடியபடி இறுகினால் வண்டி நன்றாகவே ஓடும்; ஒட்சைட்டுக்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாமற் பெருகும். வால்வு செம்மையாயிருந்தும் உணரி பொய்யுரைத்தல் மூன்றாவது வகை. வாயு எவ்வளவு பாய்கின்றதென்பதை ஒடுங்கிய குழாயொன்றின் இருமருங்கும் உள்ள அமுக்க வேறுபாட்டால் அளப்பர். அவ்வுணரிக்குச் செல்லும் சிறு துளைகளிற் கரி அடைத்துக்கொள்ளின் கட்டுப்பாட்டுக் கருவி பொய்யளவை மெய்யென நம்பி வால்வைத் தவறாக இயக்கும். புதிய வால்வுகள் இரண்டு மூன்று மாற்றியும் குறை தீராமைக்கு இதுவே பல வேளைகளிற் காரணம். அன்றியும், எண்ணெய் பீச்சும் கருவி ஒழுகுவதாலோ டேர்போவின் முத்திரை தேய்ந்து மசகெண்ணெய் கசிவதாலோ கரி அளவிறந்து பிறந்திருக்கலாம். மூலத்தை விட்டுக் குளிராக்கியை மட்டும் மாற்றின், புதியதும் சில மாதங்களில் அடைபடும். கரியும் அமிலமும் மசகெண்ணெயையும் கெடுப்பன. இவ்வெஞ்சின்களுக்கெனவே 2002இல் சீ. ஐ. 4 என்னும் தனித்த எண்ணெய்த் தரம் வகுக்கப்பட்டது.

2010இல் வந்த அமெரிக்க விதி, ஒரு குதிரைவலு-மணிக்கு 0.20 கிராமுக்கு மேல் நைதரசன் ஒட்சைட்டு இருத்தலாகாதென்றது. ஏனை உற்பத்தியாளர், கழிவுவாயுவில் யூரியாக் கரைசலைப் பீச்சி, அதிற் பிறக்கும் அமோனியாவைக்கொண்டு ஊக்கியொன்றின்மீது ஒட்சைட்டை மீண்டும் நைதரசனாக்கும் முறையைச் சேர்த்துக்கொண்டனர். நவிஸ்டார் நிறுவனமோ மீள்செலுத்தலை மிகுதிப்படுத்தியே விதியை எட்டலாமென்று துணிந்தது. சாரதிக்கு யூரியா நிரப்பும் தொல்லை இல்லையென்பது அதன் விளம்பரம். அது எட்டவில்லை. ஏறக்குறைய 0.5 கிராமளவில் நின்ற எஞ்சின்களை, முன்னர் ஈட்டிய சலுகைப் புள்ளிகளைச் செலவிட்டு விற்றது. புள்ளிகள் தீரும் வேளையில், தண்டப்பணம் செலுத்தி விற்க அனுமதித்த அரச விதியை 2012 யூனில் நீதிமன்றம் தள்ளியது; அடுத்த மாதம் நிறுவனம் யூரியா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. முதலீட்டாளரை மயக்கியதாக எழுந்த குற்றச்சாட்டை 2016இல் 75 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2011 முதல் 2014 வரையான மாக்ஸ்போர்ஸ் எஞ்சின் லொறிகளை வாங்கியோர் தொடுத்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 1,350 இலட்சம் டொலருக்கு உடன்பட்டது. 2020இல் நீதிமன்றம் அதனை ஏற்றது. ஒரே லொறியைக் கடனுக்கு வாங்கி அதையே நம்பி வாழ்ந்த சிறு உடைமையாளர்க்குப் பட்டறையிற் கழிந்த வாரங்களின் இழப்பு அத்தொகையால் எவ்வளவு ஈடாகியிருக்குமோ! என் கருத்தில், இங்கே தோற்றது மீள்செலுத்தற் றத்துவமன்று. அது தாங்கவொண்ணாத பாரத்தை அதன்மீது ஏற்றிய துணிவேயாகும்.

ஆயின், குழாயை அடைத்துவிடுதல் தகுமா? தொல்லை உண்மையெனினும் அடைத்தலை நான் ஏற்கேன். அடைத்தவன் இலாபமடைய, தெருவோரத்திற் குடியிருப்போன் அதனை நுரையீரலாற் செலுத்துகின்றான். எஞ்சினுக்கும் அது முழுநன்மையன்று: மீள்செலுத்தலை எதிர்பார்த்தே பீச்சும் நேரமும் டேர்போவின் இயக்கமும் கணிக்கப்பட்டிருப்பதால், கட்டுப்பாட்டுக் கருவியையும் ஏமாற்றினாலன்றி வண்டி சீராக ஓடாது. அமெரிக்காவில் இது சட்டவிரோதம். ஆயினும் பத்தாண்டுகளில் 550,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளின் மாசுதடுப்புக் கருவிகள் குலைக்கப்பட்டனவென அந்நாட்டுச் சூழற் பாதுகாப்பு நிறுவனம் 2020இல் மதிப்பிட்டது.

நேரிய வழியில் இதனை நீக்கியவர்களும் உளர். ஐரோப்பாவின் யூரோ 6 விதிக்கு இவெக்கோ நிறுவனமும், ஸ்கானியா தன் எஞ்சின்கள் சிலவற்றிலும், ஊக்கியின் ஆற்றலை உயர்த்தி, மீள்செலுத்தல் இன்றியே எஞ்சின்களை ஆக்கின. உருளையினுள் ஒட்சைட்டுத் தாராளமாகப் பிறக்க விடப்படுகின்றது, கரி குறைகின்றது, எண்ணெயும் மிச்சமாகின்றது. அதற்கீடாக யூரியாச் செலவு கூடும். மேலும், ஊக்கி ஏறக்குறைய 200 பாகைக்குக் கீழே செவ்வனே தொழிற்படாதாகையால், நகரத் தெருக்களில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு இம்முறை இடர்ப்பாடுடையது. பெரும்பாலான உற்பத்தியாளர் இன்றும் இரண்டையும் சேர்த்தே அமைத்து, மீள்செலுத்தும் அளவை மட்டும் முன்னையினும் குறைத்துக்கொண்டுள்ளனர்.