டாக்கர் கன்டெய்னர்: அப்டேட் செய்தால் கான்ஃபிக் ஃபைல் காணாமல் போவது ஏன்?

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே!” – சர்வரைக் கவனிப்பவர்கள் புலம்பும் வசனம் இது. டாக்கரில் புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கன்டெய்னர் நீக்கப்படும். உள்ளே எழுதியதெல்லாம் அதோடு போச்சு. அதனால்தான் டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு அடங்கிய கான்ஃபிக் ஃபைலை சர்வரில் வைத்து, கன்டெய்னருடன் ‘மவுன்ட்’ செய்கிறார்கள்.

சிக்கல் எங்கே? புரோகிராம் கோடு வந்து இறங்கும் ஃபோல்டரிலேயே அந்த ஃபைலும் இருந்தால், தானியங்கி டிப்ளாய்மென்ட் ஃபோல்டரைச் சுத்தம் செய்யும்போது அதுவும் அழியலாம். ஃபைல் இல்லாவிட்டாலும் டாக்கரின் ‘வால்யூம்’ ஆப்ஷன் வாய் திறக்காது. அதே பெயரில் காலி ஃபோல்டரை உருவாக்கிவிடும். ‘மவுன்ட்’ ஆப்ஷனோ பிழை காட்டி நின்றுவிடும்.

தீர்வு: கான்ஃபிக் ஃபைலுக்கு வெளியே தனி ஃபோல்டர், ஒரு பேக்கப். கன்டெய்னருக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.