சக்கரமும் செக்கும்

திசையன்விளைத் தேரி மணல் அனலாய்க் காயும் ஒரு பிற்பகல். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களைப் பற்றிய பாடம். "ஸார், சட்டம் படித்தவரையே சட்டம் சிறையிலிட்டால் அவர் எதை நம்புவார்?" என்றான் ஒரு மாணவன்.

ரோமாபுரிப் பிரபு போயீத்தியஸ் நினைவுக்கு வந்தார். 510-ல் கான்ஸல் பதவி வகித்தவர். கோத்திய அரசன் தியோடரிக், ராஜத்துரோகம் சாட்டி அவரைச் சிறையிலிட்டான். எந்தச் செனெட் சபைக்காக அவர் பரிந்து பேசினாரோ, அச்சபையே தண்டனைக்கு உடன்பட்டது! மரணத்தை எதிர்நோக்கிய அந்நாட்களில், தத்துவமே ஒரு மாது வடிவில் வந்து தம்மைத் தேற்றுவதாக நூல் எழுதினார். செல்வமும் பதவியும் சுழலும் சக்கரம். அவை ஒருநாளும் உன்னுடையவையல்ல என்கிறாள் அவள். நூல் நிலைத்தது, ஆசிரியர் கொல்லப்பட்டார்.

வக்கீலான பிள்ளையவர்களுக்கோ 1908-ல் திருநெல்வேலி நியாயஸ்தலம் இரட்டை ஆயுள் சிட்சை விதித்தது, அப்பீலில் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். சிறைவாசத்திலேயே ஜேம்ஸ் ஆலன் நூலொன்றை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 1912-ல் விடுதலையானபோது வக்கீல் சன்னது கைவசமில்லை. பிற்காலத்தில் அதை மீட்க உதவியவர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் புதல்வனுக்கு வாலேசுவரன் என்றே பெயரிட்டார்.

"செக்கில் பூட்டியவர்களும் வெள்ளைக்காரர்கள்தானே, ஸார்?" என்றான் பையன்.

"ஆம், அப்பா" என்றேன்.