பழைய போரின் பெயரில்

தம்மாமிலிருந்து பேசுகிறேன். இங்கிருந்து அரை மணி நேரத்தில் தஹ்ரான். 1991 பிப்ரவரி 25 இரவு அங்கே ஈராக்கின் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். ஏவுகணையின் பெயர் ‘அல் ஹுசைன்’. கர்பலாவில் கொல்லப்பட்ட இமாமின் பெயர்.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 1980-ல் ஈரானோடு தொடங்கிய போரை சதாம் உசேன் ‘காதிசிய்யா’ என்றார். 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படை பாரசீகரை வென்ற களம் அது. ஈராக் படையிலும் ஷியாக்கள் ஏராளம்; ஈரானியரும் ஷியாக்கள்தான். அந்த உறவு நினைவுக்கு வரக் கூடாது. ‘நீ முதலில் அரபு, எதிரே நிற்பவன் பாரசீகன்’ என்று சொல்ல அந்த ஒரு சொல் போதும். ஈரான் சும்மா இருக்குமா? தன் தாக்குதல்களுக்குக் ‘கர்பலா’ என்று பெயரிட்டு எண் போட்டது. 1987 ஜனவரியில் பாஸ்ராவை நோக்கி நடந்தது கர்பலா 5. இரண்டு தரப்பும் ஒரே இமாமைத் தங்கள் பக்கம் இழுத்தன.

நம் கதை மட்டும் வேறா? இலங்கை ராணுவத்தில் துட்டகைமுனு பெயரில் ஒரு ரெஜிமென்ட் உண்டு. 2007 அக்டோபரில் அநுராதபுரம் விமானப்படைத் தளத்தைத் தாக்கிய புலிகள் அதற்கு வைத்த பெயர், அவனிடம் தோற்ற மன்னன் எல்லாளனுடையது. தீக்காயத்துக்கு மருந்து கட்டுகிற நர்ஸ் நான். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கும் உடல் சிலிர்த்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்று பிறகுதான் கேட்டேன்.