தடமறிந்த வேட்டை

வில்லிலிருந்து புறப்படும் அம்பு நெடுந்தொலைவு குறிதவறாமல் செல்வது அரிது. மானோ சிற்றோசைக்கும் மனித வாடைக்கும் விலகி ஓடும் இயல்புடையது. ஆகவே, மானைத் துரத்துவதைவிட, அது அருகே வருமாறு வழியமைப்பதே வில்வேட்டையின் நுட்பமாகும்.

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் வெண்வால் மான், மேய்ச்சலிடத்திற்கும் உறைவிடத்திற்கும் இடையே எளிய தடத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். வீழ்ந்த மரங்கள் குறுக்கிட்டால் சுற்றிச் செல்லும். இதனை அறிந்த வேடர், பிற தடங்களைக் கிளைகளால் அடைத்து, ஒன்றை மட்டும் திறந்து வைப்பர். தம் வாடை மானை எட்டாதவாறு காற்றின் திசை பார்த்து மறைந்திருப்பர்.

1615ஆம் ஆண்டு, ஒன்டாரியோ ஏரிப் பகுதியில் வெண்டாட் பழங்குடியினருடன் தங்கிய பிரெஞ்சுப் பயணி சாமுவேல் சாம்ப்ளேன், இம்முறையின் பெருவடிவத்தைப் பதிவுசெய்துள்ளார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1500 எட்டு நீளமுள்ள இரு மரவேலிகள் குவிந்து, ஒரு சிறு பட்டியில் முடிந்தன. மக்கள் வில்லேந்தி, ஓசையெழுப்பி மான்களை அதனுள் செலுத்தினர். 38 நாள்களில் 120 மான்கள் கிடைத்தன. அவற்றின் கொழுப்பு குளிர்காலத்திற்கெனச் சேமிக்கப்பட்டது.

அவ்வறிவு இன்று மான்களைக் காக்கவும் பயன்படுகிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், நெடுஞ்சாலையோர வேலிகள் விலங்குகளை மேம்பாலங்களுக்கும் சுரங்கவழிகளுக்கும் திருப்பிவிடுகின்றன. ஊர்திகளில் மோதி அவை மடிவது குறைகிறது. வழியமைக்கும் நெறி ஒன்றே. அவ்வழியின் முடிவில் விலங்குக்குக் காத்திருப்பது சாவா, வாழ்வா என்பது மனிதரின் நோக்கத்தைப் பொறுத்தது.