'என்ஜாய் எஞ்சாமி' யாருடைய பாட்டு? எழுதியவரா, இசையமைத்தவரா, பாடியவரா... விவாதம் ஏன் இன்னும் ஓயவில்லை?

யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்ட தமிழ்ப் பாட்டு 'என்ஜாய் எஞ்சாமி'. சினிமாவில் வராத ஒரு தனிப்பாடல் இந்த அளவுக்குப் போனது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இது அறிவோட பாட்டு" என்கிறது ஒரு தரப்பு. "தீ குரல் இல்லாம, சந்தோஷ் நாராயணன் இசை இல்லாம இந்தப் பாட்டு ஏது?" என்கிறது இன்னொரு தரப்பு.

இந்தச் சண்டை தமிழுக்குப் புதிது. உலக இசைக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் ப்ளூஸ் இசையைச் சுற்றி இதே கேள்வி பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு யாருக்குச் சொந்தம்? சட்டம் என்ன சொல்கிறது? ரசிகர்கள் உண்மையில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன நடந்தது?

2021 மார்ச் 7 அன்று 'மாஜா' என்ற தளத்தின் வழியாக 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. பாடியவர்கள் தீ, அறிவு. வரிகள் அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். பாட்டின் அடித்தளம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. அந்தப் பாட்டி வீடியோவிலும் வருகிறார்.

முதல் சலசலப்பு 2021 ஆகஸ்ட்டில். 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவைச் சேர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. அறிவு விடுபட்டதை இயக்குநர் பா.ரஞ்சித் சமூக வலைத்தளத்தில் கண்டிக்க, விவாதம் பற்றிக்கொண்டது. அதே பாட்டின் டிஜே ஸ்நேக் ரீமிக்ஸுக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைக்கப்பட்ட விளம்பரத் திரையிலும் அறிவின் முகம் இல்லை என்பது கூடுதல் கோபத்தைக் கிளப்பியது. பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டையை அந்த இதழ் வெளியிட்டது.

இரண்டாவது, 2022 ஜூலை 28. சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அவர் இன்ஸ்டாகிராமில் நீண்ட பதிவு ஒன்றைப் போட்டார். பாட்டுக்கு மெட்டமைத்தது, எழுதியது, பாடியது, நடித்தது எல்லாம் தானே என்றும், யாரும் தனக்கு ஒரு மெட்டைக்கூடக் கொடுக்கவில்லை என்றும், இதற்காக ஆறு மாதம் உழைத்ததாகவும் சொன்னார்.

சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை விட்டார். இசையமைப்பும் தயாரிப்பும் தன்னுடையது, பாட்டின் உரிமையும் வருமானமும் தீ, அறிவு, தான் ஆகிய மூவருக்கும் சமம், விழா நடந்தபோது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்பது அவரது விளக்கம். அறிவுக்கு உரிய பெருமையை எல்லா இடத்திலும் சொல்லியே வந்திருக்கிறேன் என்றார் தீ.

மூன்றாவது திருப்பம் 2024 மார்ச்சில். பாட்டு வெளியாகி மூன்று வருடம் ஆகியும் இதிலிருந்து கலைஞர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். மாஜா தரப்பு இந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

அதாவது, யாருக்கு எவ்வளவு பெருமை என்று மூன்று வருடமாக ரசிகர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பாட்டில், மூவருக்குமே பணம் வரவில்லை என்பது இசையமைப்பாளரின் புகார்.

ப்ளூஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே இருக்கிறது. 1950-ல் மட்டி வாட்டர்ஸ் என்ற ப்ளூஸ் பாடகர் 'ரோலிங் ஸ்டோன்' என்று ஒரு பாட்டை வெளியிட்டார். பிரிட்டனின் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழு அந்தப் பாட்டிலிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1967-ல் தொடங்கிய பத்திரிகையும் தன் பெயருக்கான காரணங்களில் ஒன்றாக அந்தப் பாட்டைச் சொன்னது. மட்டி வாட்டர்ஸ், மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் வேலை பார்த்துவிட்டு 1943-ல் சிகாகோவுக்குப் பிழைக்கப் போனவர்.

ப்ளூஸ் பிறந்தது அமெரிக்காவின் தென் மாநிலங்களில். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அடுத்தவர் நிலத்திலேயே உழைத்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களின் பாட்டு அது. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் கொடுப்பது அதன் வேர்களில் ஒன்று. நம்மூர் நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் இருக்கிற அதே அமைப்பு.

'என்ஜாய் எஞ்சாமி'க்குப் பின்னால் இருப்பதும் தோட்டத் தொழிலாளர் வரலாறுதான். 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வாரிசுகளில் பெரும்பாலோர், 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியவர்கள், கையில் நிலம் இல்லாமல் கப்பல் ஏறினார்கள். பாட்டில் நிலம் பற்றி வரும் இடங்கள் பலரை அழ வைத்தது இதனால்தான்.

ப்ளூஸ் பாட்டுகளில் என்ன தகராறு?

முதல் உதாரணம், 'ஹோல் லாட்டா லவ்'. 1969-ல் 'லெட் ஸெப்பலின்' குழு வெளியிட்ட இந்தப் பாட்டு ப்ளூஸ்-ராக் வகையில் கிளாசிக். பாடியவர் ராபர்ட் பிளாண்ட். அந்த உச்சஸ்தாயி குரலுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். ஆனால் 1962-ல் மட்டி வாட்டர்ஸ் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டின் வரிகளோடு அது ஒத்துப்போனது. அதை எழுதியவர் வில்லி டிக்சன். லெட் ஸெப்பலின் ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. 1985-ல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசம் ஆனது. பிறகு பாட்டின் உரிமையாளர் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. பாட்டு வெளியாகிக் கிட்டத்தட்ட 18 வருடம் கழித்து!

இரண்டாவது, 'ஹவுண்ட் டாக்'. இதை முதலில் 1952-ல் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள். 1956-ல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோதுதான் அது உலக ஹிட் ஆனது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் செக் ஒன்றுதான் என்று தார்ன்டன் சொல்லியிருக்கிறார். பாட்டுக்கு உயிர் கொடுத்தவர் அவர். ஆனால் எழுதியவர் அவர் இல்லை என்பதால் ராயல்டி அவருக்கு வரவில்லை.

மூன்றாவது, 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. யார் எழுதியது என்றே தெரியாத நாட்டுப்புறப் பாட்டு. 1937-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர், கென்டக்கியில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜார்ஜியா டர்னர் பாட, அதைப் பதிவு செய்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு 16 வயது. 1964-ல் 'தி அனிமல்ஸ்' என்ற பிரிட்டிஷ் குழு இதைப் பாடி முதலிடம் பிடித்தது. பாடிய எரிக் பர்டன் பேரும் புகழும் பெற்றார். ஆனால் ரெக்கார்டில் இசைக்கோர்வை என்ற இடத்தில் கீபோர்டு வாசித்த ஆலன் பிரைஸ் பெயர் மட்டும் அச்சானது. ஐந்து பேரின் பெயரையும் போட இடம் இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்த ஒரு வரியால் ராயல்டி முழுவதும் ஒருவருக்கே போனது. மற்ற நான்கு பேரின் மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை.

மூன்று கதையிலும் ரசிகர்கள் இன்றுவரை இரண்டு கட்சிதான். "பிளாண்ட் பாடலைன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்பது ஒரு கட்சி. "டிக்சன் எழுதலைன்னா பிளாண்ட் எதைப் பாடியிருப்பார்?" என்பது இன்னொன்று.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் அல்ல. நான்கு தனித்தனி உரிமைகள்.

வரிகள்: பாடலாசிரியருக்கு. அவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பின் 60 ஆண்டுகளும்.

இசை: இசையமைப்பாளருக்கு. அதே கால அளவு.

ஒலிப்பதிவு: பணம் போட்டுப் பதிவு செய்த தயாரிப்பாளருக்கு அல்லது நிறுவனத்துக்கு. வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

பாடியது: பாடகருக்கு 'நிகழ்த்துநர் உரிமை'. 50 ஆண்டுகள்.

2012-ல் வந்த திருத்தம் இதில் முக்கியமானது. ராயல்டி பெறும் உரிமையை எழுதியவரும் இசையமைத்தவரும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றது. பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. தன் பெயரைச் சொல்லக் கோரும் உரிமை எழுதியவர், பாடியவர் இருவருக்கும் இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் இது போகாது.

2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியதும் இந்த உரிமையை வைத்துத்தான். எஸ்.பி.பி குரலில் கோடிப் பேர் கேட்ட பாட்டுதான். ஆனால் மெட்டு இளையராஜாவுடையது. அதனால் மேடையில் பாட அனுமதி வேண்டும் என்பது அவர் வாதம். 2024-ல் இளையராஜா தொடர்பான வழக்கு விசாரணையில், பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது.

ஊரில் பாட்டு போட்டால் பணம் யாருக்கு?

ஒரே பாட்டு, மூன்று இடங்களில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஒருவர், மெஷின் ஓட்டிக்கொண்டே செல்போனில் ஆப் வழியாகப் பாட்டு கேட்கிறார். அந்த ஆப், விளம்பரம் அல்லது சந்தா வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒலிப்பதிவு உரிமையாளருக்கும், இசை, வரி உரிமையாளர்களுக்கும் கொடுக்கும். உரிமையாளரிடமிருந்து கலைஞருக்கு எவ்வளவு வரும் என்பது அவர்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'என்ஜாய் எஞ்சாமி'யில் பண விவகாரம் எழுந்தது இந்த இடத்தில்தான்.

ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போட்டால், அது வணிகப் பயன்பாடு. சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

கோயில் திருவிழாச் சடங்கிலோ கல்யாண ஊர்வலத்திலோ அதே பாட்டை வாசித்தால், சட்டத்தின் 52-வது பிரிவு விலக்கு தருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவைக்கு என்ன கணக்கு? வரிகள் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் ஒரு பாடகர் பாடிப் பதிவு செய்தால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

அப்போ, ரசிகர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள்?

"யாருடைய பாட்டு?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பணம் யாருக்கு, பெயர் யாருக்கு, கதை யாருடையது.

பணத்துக்குப் பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெயருக்கு ஓரளவு சட்டம் இருக்கிறது. ஆனால் பத்திரிகை அட்டையில் யார் முகம் வர வேண்டும், விழா மேடையில் யார் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. 2021-லும் 2022-லும் வெடித்தது இந்த இடைவெளியில்தான்.

மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தில் பதிலே இல்லை. ஒப்பாரிக்கும் நடவுப் பாட்டுக்கும் ஆசிரியர் பெயர் கிடையாது. பெயர் இல்லாததற்கு உரிமையாளரும் கிடையாது. ஜார்ஜியா டர்னர் பாடிய பாட்டு பல கைகள் மாறிப் பணம் சம்பாதித்தது இதனால்தான். அறிவுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் பேசியதும் இதைத்தான்: நிலமற்றவர்களின் கதை ஊரெல்லாம் ஒலிக்கும்போது, அந்தக் கதையிலிருந்து வந்தவர் மேடையில் இல்லை என்பது. தீயின் குரலைக் குறை சொல்லாமலேயே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் விவாதம் 'யார் பெரியவர்' என்ற சண்டையாக மாறியது.

வில்லி டிக்சன் தன் வழக்கோடு மட்டும் நிற்கவில்லை. 'ப்ளூஸ் ஹெவன்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, உரிமையையும் ராயல்டியையும் இழந்த மற்ற ப்ளூஸ் கலைஞர்கள் அவற்றைத் திரும்பப் பெற உதவினார். தமிழில் தனியிசை இப்போதுதான் வளர்கிறது. பாட்டு ஹிட் ஆவதற்கு முன்பே யாருக்கு எந்த உரிமை என்று எழுதி வைத்துக்கொள்வதுதான் புதிதாக வரும் கலைஞர்களுக்கு இதில் இருக்கும் பாடம்.

கேட்பவர்களும் ஒன்று செய்யலாம். ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பட்டியல் வரும். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே விவரக் குறிப்பில் இருக்கும். அடுத்த முறை "இது யார் பாட்டு?" என்று விவாதத்தில் இறங்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.