வெள்ளிக்கிழமைன்னா இங்கே கோயில்... ஜெர்மனியில பார்ட்டி!

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அதனால் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்த கையோடு, முந்தின நாள் வாங்கிய குங்குமத்தைக் காட்ட அம்மா வீடியோ கால் போடுவார். குளிர்காலத்தில் ஜெர்மனியில் அப்போது ராத்திரி பன்னிரண்டரை. அங்கே வெள்ளிக்கிழமை பார்ட்டி அப்போதுதான் சூடுபிடிக்கும்.

"லைப்ரரியில இருக்கேம்மா."

"லைப்ரரியில என்னடா டம் டம்னு சத்தம்?"

ஜெர்மனியில் மாணவர் பார்ட்டி என்றால், அவரவர் குடிப்பதை அவரவரே வாங்கிவர வேண்டும். பிரியாணியை நம்பி வெறும் வயிற்றோடு போகிற நம்மவருக்கு சிப்ஸ்தான் மிச்சம். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதால், 'இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று லிஃப்ட் பக்கத்தில் முன்கூட்டியே மன்னிப்புச் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். நம்ம ஊர்த் திருவிழா ஸ்பீக்கர்காரர்கள் கவனிக்க!

விசாவுக்காக வங்கியில் முடக்கிய 11,904 யூரோவில் மாதம் 992தான் கைக்கு வரும். வாடகை போக மிச்சத்தை எண்ணும்போதே, ஊரில் அப்பா வாங்கிய லோன் ஞாபகம் வந்துவிடும். அதனால் நம்ம பையன் பார்ட்டி முடிந்ததும் காலி டின்களைப் பொறுக்குவான். சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் டின்னுக்கு 25 சென்ட். நாற்பது டின், பத்து யூரோ!

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மூட்டை ரூமிலேயே கிடக்கும். அன்றைக்கும் அம்மா கால் பண்ணுவார்.

"பின்னாடி என்னடா அது, அத்தனை பீர் டின்னு?"

ஒரு சொட்டுகூடக் குடிக்காதவன் திருதிருவென முழிப்பான்.